லண்டன், துபாய், டோக்கியோ: எந்த ஊர் எப்படி? கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. அதற்கு முன்னால் இருபது வருஷம் சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. கடைக்கு வருகிறவர்கள் டிக்கெட் விலையைக் கேட்டு முடித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சரி, அந்த ஊரு எப்படி இருக்கும்?" என்று ஆரம்பிப்பார்கள். நர்ஸ் வேலைக்குப் போகும் பிள்ளைகள், படிக்கப் போகும் பையன்கள், பேரப்பிள்ளையைப் பார்க்கக் கிளம்பும் பெற்றோர், எல்லாருடைய சந்தேகமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போனதால், அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிப் பதில் போட்டிருக்கிறேன். விசா, சம்பளம், வாடகை இதில் இல்லை. அது தனிக் கதை.

"எல்லா பெரிய ஊரும் ஒண்ணு போலதான இருக்கும் அண்ணாச்சி? உயரமான கட்டடம், காரு, கூட்டம். பின்ன என்ன வித்தியாசம்?"

விமான நிலையத்தோடு திரும்பி வந்தால் அப்படித்தான் தோன்றும். எங்கே போனாலும் அதே வழுவழுத் தரை, அதே சென்ட் கடை. வெளியே வந்தபிறகுதான் ஊர். நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டம் முப்பது கிலோமீட்டர், கன்னியாகுமரி இருபது. மூன்றும் ஒன்றா? பேச்சு மாறுகிறது, சாயாக்கடைப் பலகாரம் மாறுகிறது, கடை அடைக்கும் நேரம் மாறுகிறது. முப்பது கிலோமீட்டருக்கே இப்படி என்றால் லண்டனுக்கும் டோக்கியோவுக்கும் நடுவே எவ்வளவு இருக்கும்?

நான் ஒரு ஊரை எடைபோடுவது சாயங்காலம் ஏழு மணிக்கு. காலை பத்து மணிக்கு உலகத்தில் எல்லா ஊரும் வேலைக்குப் போகிற ஊர்தான். ஏழு மணிக்கு வேலை முடிந்த ஆள் நேரே வீட்டுக்குப் போகிறானா, தெருவில் நிற்கிறானா, யாரோடு நிற்கிறான் என்று பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். கீழே இந்த ஏழு மணி அடிக்கடி வரும்.

"லண்டன்ல எப்பவும் மழையும் பனிமூட்டமும்தானாம்லா?"

மழைக் கணக்கைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. லண்டனில் வருஷத்துக்குப் பெய்வது சுமார் 600 மில்லிமீட்டர். நம் மாவட்டத்தில் அதுபோல இரண்டு மடங்குக்கு மேல் பெய்கிறது. ஆனால் நம் மழை குளம் நிறையக் கொட்டிவிட்டு வெயிலை விட்டுப் போய்விடும். அங்கே நாள் முழுக்கத் தூறும். குடை விரிக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பதற்குள் பொழுது போய்விடும். பனிமூட்டம் என்று கதைகளில் வருவது பெரும்பாலும் நிலக்கரிப் புகை. 1952 டிசம்பரில் ஐந்து நாள் அந்தப் புகை ஊரை மூடி ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். 1956-ல் சட்டம் போட்டுப் புகையைக் குறைத்தார்கள். இன்று போகிறவர் அந்த மூட்டத்தைத் தேடினாலும் கிடைக்காது.

அங்கே ஆளை அசைத்துப் பார்ப்பது வெளிச்சம்தான். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஜூனில் ஒன்பது மணி தாண்டியும் சூரியன் நிற்கும். நம் ஊரில் வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம்தான். அங்கே எட்டரை மணி நேரத்துக்கு மேல். அதனால் லண்டனுக்கு இரண்டு ஏழு மணி உண்டு. டிசம்பரில் தலையைக் குனிந்துகொண்டு ரயிலுக்கு ஓடும் அதே ஆட்கள், ஜூனில் மதுக்கடை வாசலில் கையில் கோப்பையோடு நடைபாதையை அடைத்து நின்று சிரிப்பார்கள், பூங்காப் புல்லில் சட்டையைக் கழற்றிப் போட்டுப் படுத்திருப்பார்கள். என் மூத்த மகள் அங்கே நர்ஸ். முதல் குளிர்காலத்தில் தினம் போனில் அழுதாள். ஜூன் வந்ததும் போனை எடுக்கவே அவளுக்கு நேரமில்லை. "லண்டன்காரன் ஒட்டமாட்டான்" என்று யாராவது சொன்னால், எந்த மாசம் போனீர்கள் என்றுதான் நான் கேட்பேன்.

"துபாயும் சிங்கப்பூரும் ரெண்டும் பளபளப்பு, ரெண்டும் கண்டிப்பு. எதுக்குப் போனா என்ன?"

பளபளப்பு ஒன்றுதான், அடியில் இருப்பது வேறு. துபாயில் இருப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டுக்காரர்கள். பெரும்பாலோருடைய விசா வேலையோடு கட்டியது. வேலை போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதனால் அங்கே எல்லோருடைய பேச்சிலும் "ஊருக்குப் போறப்ப" என்ற வார்த்தை இருக்கும். சிங்கப்பூரில் முக்கால்வாசிக்கு மேல் ஜனங்கள் அரசு வீட்டு வசதிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் குடியிருக்கிறார்கள், பலருக்கு அது சொந்த வீடு. 1989 முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் இத்தனை விகிதத்துக்கு மேல் போகக்கூடாது என்று விதி இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சமையல் வாசனையை அரசாங்கமே கலந்து வைத்த ஊர் அது.

துபாய் என்றால் எல்லோரும் 828 மீட்டர் கோபுரத்தைப் படம் எடுக்கிறார்கள். நான் சொல்வது பழைய துபாய். 1966-ல் எண்ணெய் கிடைப்பதற்கு முன்பே அந்தக் கழிமுகத்தில் வியாபாரம் நடந்திருக்கிறது. இன்றும் இந்தக் கரை பர் துபாயில் இருந்து அந்தக் கரை தேராவுக்கு மரப்படகில் ஒரு திர்ஹாம் கொடுத்துக் கடக்கலாம். ஏழு மணிக்கு அந்தப் படகில் தமிழ், மலையாளம், உருது, வங்காளம் எல்லாம் காதில் விழும், அரபியைத் தவிர. கோடையில் ஜூன் நடுவில் இருந்து செப்டம்பர் நடுவரை மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெளியில் வெயிலில் வேலை செய்யக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. அப்படிப்பட்ட வெயிலில் ஊர் இரவில்தான் கண் விழிக்கும்.

சிங்கப்பூரின் ஏழு மணி உணவங்காடியில். மேஜையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனால் அந்த இடம் உங்களுடையது, யாரும் எடுக்கமாட்டார்கள். நம் பேருந்தில் ஜன்னல் வழியே துண்டு போடுவதுதான், ஆனால் சண்டை இல்லாமல். கண்டிப்பு என்று எல்லோரும் சூயிங்கம் கதையைச் சொல்வார்கள். 1992-ல் விற்கத் தடை வந்தது உண்மை. எனக்குப் பெரிதாகப் பட்டது கார்தான். கார் வாங்கும் முன்பே பத்து வருஷத்துக்கு ஒரு உரிமச் சீட்டை ஏலத்தில் எடுக்க வேண்டும், 1990 முதல் இந்த ஏற்பாடு. தெருவில் ஹாரன் சத்தம் ஏன் குறைவு என்பதற்கு இதைவிட நேரான காரணம் எனக்குத் தெரியவில்லை.

"பாரிஸ்காரங்க மூஞ்சி கொடுத்துப் பேசமாட்டாவளாம், உள்ளதா?"

பாதி உள்ளது. கடைக்குள் நுழைந்ததும் "போன்ஜூர்" சொல்லாமல் "இது எவ்வளவு?" என்று கேட்டால் முகம் இறுகும். நம் வீட்டுக்குள் ஒருவர் வந்து கும்பிடாமல் நேரே அடுக்களைக்குப் போனால் நமக்கு எப்படி இருக்கும், அதுதான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள், மீதி தானாக நடக்கும்.

பாரிஸ் கண்ணுக்கு ஒரே தையற்காரர் தைத்த சட்டை மாதிரி இருக்கும். 1853 முதல் 1870 வரை மூன்றாம் நெப்போலியன் காலத்தில் ஹௌஸ்மான் என்ற அதிகாரி பழைய சந்துகளை இடித்து அகலத் தெருக்கள் போட்டு, கட்டட உயரத்தையும் முகப்பையும் ஒரு வரிசைக்குக் கொண்டுவந்தார். 1973-ல் மோன்பர்னாஸில் ஒரே ஒரு ஐம்பத்தொன்பது மாடிக் கோபுரம் எழுந்ததும் ஊரே முகம் சுளித்து, நகருக்குள் உயரத்துக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். காப்பிக்கடை நாற்காலிகள் எல்லாம் தெருவைப் பார்த்துத்தான் போட்டிருப்பார்கள், எதிரும் புதிருமாக இல்லை. ஏழு மணிக்கு அங்கே உட்கார்ந்திருப்பது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க இல்லை. இருவரும் சேர்ந்து ஊரை வேடிக்கை பார்க்க. நம் திண்ணைதான், வாடகைக்கு.

"நியூயார்க் தூங்காத ஊருன்னு சொல்லுகாவ. அப்போ டோக்கியோ? அதும் பெரிய ஊருதான?"

நியூயார்க் சுரங்க ரயில் 1904-ல் ஓடத் தொடங்கியது. இன்றும் இரவு பகலாக ஓடுகிறது. பல பாதைகளில் நான்கு தண்டவாளம் போட்டிருப்பதால் இரண்டைப் பழுது பார்க்கும்போது மற்ற இரண்டில் வண்டி விடலாம். தூங்காத ஊர் என்ற பெருமையின் அடியில் இப்படி ஒரு தண்டவாளக் கணக்கு இருக்கிறது. இரவு மூன்று மணிக்கு வேலை முடிகிற சமையற்காரரும் வீட்டுக்குப் போக முடிவதால் இரவுக் கடைகளும் நிற்கின்றன.

டோக்கியோவில் நள்ளிரவு கழிந்து ஒரு மணி வாக்கில் ரயில் நின்றுவிடும், பிறகு காலை ஐந்து மணிக்குத்தான். அதனால் இரவு பதினொன்றரைக்கு மேல் உணவகங்களில் ஒரு பரபரப்பு வரும். பேச்சைப் பாதியில் விட்டு எழுந்து ஓடுவார்கள். கடைசி வண்டியை விட்டவர் விடியும்வரை எங்காவது காத்திருக்க வேண்டும், டாக்சி கட்டுபடியாகாது. நம் ஊரில் கடைசி பஸ்ஸைப் பிடிக்கத் திருவிழாக் கச்சேரியில் பாதியில் எழுந்து ஓடியவர்களுக்கு இது விளங்கும்.

"டோக்கியோ ரயில்ல யாரும் பேசவே மாட்டாங்களாமே மாமா? அவ்வளவு கூட்டத்துல மூச்சு முட்டாதா?"

கூட்டம் அதிகம் என்பதால்தான் பேச்சு இல்லை. தோளோடு தோள் ஒட்டி நிற்கும் இடத்தில் ஒருவர் போனில் கத்தினால் எங்கே போய் ஒதுங்குவது? பம்பாய் மின்சார ரயில் இதே நெரிசலுக்கு வேறு வழி கண்டுபிடித்தது. மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நாலாவது ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அவருக்கு அரை இடம்தான் கிடைக்கும், ஆனால் அது அவர் உரிமை. தினமும் ஒரே பெட்டியில் போகிறவர்கள் பஜனை பாடிக்கொண்டு போவதும் உண்டு. கூட்டத்தைச் சமாளிக்க ஒரு ஊர் வாயை மூடியது, இன்னொரு ஊர் வாயைத் திறந்தது. எது நல்லது என்று என்னைக் கேட்டால், காலையில் டோக்கியோ, சாயங்காலம் பம்பாய்.

டோக்கியோவில் எனக்கு அதிசயமாக இருந்தது முகவரி. பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. வட்டாரம், கட்டம், கட்டட எண் என்றுதான் எழுதுவார்கள். அந்த எண்ணும் பல இடங்களில் கட்டிய வரிசைப்படி இருக்கும், தெரு வரிசைப்படி இல்லை. உள்ளூர்க்காரரே திணறுவார். அதற்காக மூலைக்கு மூலை சின்னப் போலீஸ் சாவடி உண்டு, சுவரில் பெரிய வரைபடத்தோடு. இதற்கு நேரெதிர் நியூயார்க்கின் மன்ஹாட்டன்: 1811-ல் திட்டம் போட்டுத் தெருக்களுக்கு எண் வைத்துக் கோலப்புள்ளி மாதிரி பிரித்துவிட்டார்கள். எண்ணத் தெரிந்தால் போதும், யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. அதுவே ஒரு தனிமை.

"ஐரோப்பால சாயங்காலமே கடைய அடைச்சிருவாங்களாம். பின்ன பிள்ளைய எங்க போய் சாதனம் வாங்கும்?"

ஊருக்கு ஊர் மாறும். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் சட்டப்படியே மூடியிருக்கும். சனிக்கிழமை பால், ரொட்டி வாங்கி வைக்க மறந்தவர் ரயில் நிலையக் கடைக்குத்தான் போக வேண்டும். ஸ்பெயினின் மத்ரீத் அப்படியே தலைகீழ். அங்கே ஏழு மணிக்குச் சாப்பாட்டுக் கடைக்குப் போனால் மேஜை துடைத்துக்கொண்டிருப்பார்கள். சாப்பாடு ஒன்பது, பத்து மணிக்குத்தான். அதற்கு ஒரு காரணம் கடிகாரம். ஸ்பெயின் இருக்கும் இடத்துக்கு லண்டன் நேரம்தான் பொருந்தும். 1940-ல் ஜெர்மனியோடு சேர்த்து ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள், இன்றுவரை திருப்பவில்லை. கடிகாரம் ஏழு காட்டினாலும் சூரியனுக்கு ஆறுதான்.

"நாங்க கடற்கரைக்காரங்க. கடல் இருக்குற பெரிய ஊருன்னா எங்களுக்குப் பிடிக்கும்தான அண்ணே?"

கடல் இருந்தால் மட்டும் போதாது, ஊர் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பம்பாயில் மரைன் டிரைவ் சுவரில் ஏழு மணிக்கு ஊரே கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். நம் முட்டத்துப் பாறையில் உட்காருவது போலத்தான், முதுகுக்குப் பின்னால் கார்கள் மட்டும் அதிகம். ஆனால் பல துறைமுக நகரங்களில் துறைமுகமே இடம் பெயர்ந்துவிட்டது. கண்டெய்னர் கப்பல் வந்தபிறகு ஆழமும் அகலமும் வேண்டும் என்று வெளியே தள்ளிக் கட்டினார்கள். லண்டனில் பழைய கப்பல்துறைகள் 1980 வாக்கில் மூடப்பட்டு, அந்த இடத்தில் இன்று கானரி வார்ஃப் வங்கிக் கோபுரங்கள் நிற்கின்றன.

நெதர்லாந்தில் ராட்டர்டாமை ஆம்ஸ்டர்டாமோடு ஒப்பிட்டால் இன்னொன்று தெரியும். இரண்டுக்கும் நடுவே ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆம்ஸ்டர்டாமில் பதினேழாம் நூற்றாண்டுக் கால்வாய்களும் ஒடுங்கிய வீடுகளும் அப்படியே இருக்கின்றன. படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்து என்பதால் கட்டிலையும் பீரோவையும் கூரை முகட்டுக் கொக்கியில் கயிறு கட்டி ஜன்னல் வழியாகத்தான் ஏற்றுவார்கள். ராட்டர்டாமின் நடுப்பகுதியை 1940 மே 14 அன்று ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு அழித்தன. மிச்சமில்லாததால் புதிதாக, விருப்பப்படி, கோணல்மாணலாகக்கூடக் கட்டினார்கள். சுற்றுலாக்காரர்கள் ஆம்ஸ்டர்டாமுக்கு ஓடுவார்கள். எனக்கு ராட்டர்டாம்காரர்களின் பேச்சு பிடிக்கும், சுற்றி வளைக்காமல் வேலை செய்கிறவர் பேச்சு.

"தமிழ் பேசியே காலத்த ஓட்டலாம்னு உள்ள ஊரு எது?"

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி, ரயில் அறிவிப்பிலேயே கேட்கலாம். லண்டனில் ஈஸ்ட் ஹாம், டொரோண்டோவில் ஸ்கார்பரோ, பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் போனால் இலங்கைத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும். பாரிஸில் விநாயகர் தேர் தெருவில் வரும், சிதறுகாய் குவிந்து கிடக்கும், போலீஸ்காரர் பார்த்துக்கொண்டு நிற்பார். நியூயார்க்கில் ஃபிளஷிங் கணபதி கோயில் மடைப்பள்ளியில் தோசைக்கு வரிசையே நிற்கும். துபாயில் நமக்கு ஒரு கூடுதல் வசதி: விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலையாளம் தானாக வரும், அங்கே அது பாதிக் கதவைத் திறந்துவிடும்.

"எங்க பய இங்க வாயாடி. அங்க போன பொறவு போன்ல ஒரு வார்த்தைக்கு மேல பேசமாட்டேங்கான். ஊரு ஆள மாத்திருமா?"

மாற்றும், ஆனால் நீங்கள் பயப்படும் மாதிரி இல்லை. எந்த ஊர், எந்த மாசம் என்று முதலில் பாருங்கள். லண்டன் பதிலில் வெளிச்சம் பற்றிச் சொன்னேனே, நவம்பர் முதல் பிப்ரவரி வரை அந்த ஊர்களில் இருக்கும் பையன்கள் பேச்சைச் சுருக்கிவிடுவார்கள். டோக்கியோ என்றால் நாள் முழுக்க அடக்கிப் பேசிப் பழகிய தொண்டை. துபாய் என்றால் அறையில் ஆறு பேர் படுத்திருப்பார்கள், மற்றவர் தூங்கும்போது எப்படிச் சத்தமாகப் பேசுவான்? "ஏன்டா பேசமாட்டேங்க?" என்று கேட்காதீர்கள். "இப்ப அங்க வெளிச்சம் இருக்கா, ரூம்ல யாரு இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள்.

"மூணு மாசம் மகன் வீட்டுல போய் இருக்கணும். வயசான எங்களுக்கு எந்த ஊரு கொள்ளாம்?"

நடந்து போகிற தூரத்தில் ஒரு பெஞ்சும் ஒரு கடையும் ஒரு கோயிலோ பள்ளிவாசலோ சர்ச்சோ இருக்கிற ஊர். சிங்கப்பூரில் அடுக்குமாடிக்குக் கீழே திறந்த தளம் விட்டிருப்பார்கள், சாயங்காலம் கிழவர்கள் அங்கே சதுரங்கம் ஆடுவார்கள். லண்டனில் பஸ் தாழ்வாக வந்து நிற்கும், ஏற வசதி. டாலஸ், ஹூஸ்டன் மாதிரி அமெரிக்க ஊர்களில் வீடு அரண்மனைபோல் இருக்கும், கார் ஓட்டத் தெரியாதவருக்கு வாசலே எல்லை. அங்கே போகிறவர்களிடம், மகன் எத்தனை மணிக்கு வேலை முடிந்து வருவான் என்று கேட்டுக்கொண்டு போகச் சொல்வேன்.

"நீங்க கப்பல்ல வந்து எட்டு மணி நேரம் இறங்கி நடந்தவருதான? அதை வச்சு ஒரு ஊருக்கு குணம் சொல்லலாமா?"

ஒரு கல்லூரிப் பையன் கேட்டது. நியாயமான அடி. கப்பல்காரன் ஊருக்குப் பின்வாசல் வழியாக வருகிறவன். ராட்டர்டாமின் புதுத் துறைமுகம் நகரத்தில் இருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சரக்கு இறக்கி ஏற்றுவதற்குள் நகரத்தைப் பார்த்துத் திரும்புவதே பெரிய காரியம். ஹாங்காங்கை நான் பல வருஷம் தப்பாகவே நினைத்திருந்தேன். முதல்முறை இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வங்கிக் கட்டடங்களின் அடியில் ஆயிரக்கணக்கான பெண்கள் அட்டைப் பெட்டியை விரித்து உட்கார்ந்து, சாப்பாடு பகிர்ந்து, முடி பின்னிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு கலகலப்பான ஊர் என்று கடிதம் எழுதினேன். அவர்கள் எல்லோரும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவில் இருந்து வந்து வீட்டு வேலை செய்பவர்கள் என்றும், வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவர்களுக்கு வெளியே வர விடுமுறை என்றும், உட்கார வேறு இடம் இல்லாததால் தெருவில் உட்கார்கிறார்கள் என்றும் பிறகுதான் தெரிந்தது. ஏழு மணி அளவுகோலும் இப்படிச் சறுக்கும். கிழமையையும் கேட்க வேண்டும்.

"அப்போ நம்ம ஊரு மாதிரி இருக்குற ஊரு எதுவும் இல்லியா?"

இஸ்தான்புல். காரணம் கேட்டால் படகு என்பேன். ஐரோப்பாவில் வேலை, ஆசியாவில் வீடு என்று தினம் இருபது நிமிஷம், ஊருக்கு நடுவே ஓடும் பாஸ்பரஸ் கடல்நீரிணையைக் கடக்கிறார்கள். பாலம் 1973 முதல் இருக்கிறது, கடலுக்கு அடியில் ரயிலும் 2013-ல் வந்துவிட்டது, ஆனாலும் படகை விடவில்லை. இடுப்பு ஒடுங்கிய கண்ணாடிக் கிளாசில் பால் இல்லாத தேநீர், நம் கட்டன் சாயா. எள் தூவிய வளைய ரொட்டியைப் பிய்த்துக் கடற்காக்கைக்கு எறிவார்கள். பக்கத்தில் இருப்பவர் மொழி தெரியாவிட்டாலும் பேச்சுக் கொடுப்பார், எத்தனை பிள்ளைகள் என்று விரல் காட்டிக் கேட்பார்.

"சரி, வெளியூர்க்காரன் வந்து நம்ம நாகர்கோவிலப் பாத்தா என்ன சொல்லுவான்?"

என் மகளோடு வேலை பார்க்கும் ஒரு பெண், லண்டனிலேயே பிறந்து வளர்ந்தவள், போன வருஷம் எங்களோடு வந்து இருந்தாள். ஒருநாள் சாயங்காலம் தனியாக நாகர்கோவிலுக்குப் போய் மணிக்கூண்டைப் பார்த்துவிட்டு ஏழு மணி பஸ்ஸுக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள். வேப்பமூடு சந்திப்பில் வழி கேட்டிருக்கிறாள். மூன்று பேர் மூன்று வழி சொல்லித் தங்களுக்குள் தகராறு செய்ய, நாலாவதாக வந்த அம்மா, "எந்த வீட்டுக்கு வந்திருக்கிய?" என்று ஆரம்பித்து, என் பெயர் வரை வந்துவிட்டார். அவருடைய தம்பியும் என் மனைவியின் அண்ணனும் ஒரே வகுப்பாம். நான் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஏழு மணியில் இருந்து ஒவ்வொரு பஸ்ஸாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஒன்பதேகாலுக்கு அந்தத் தம்பியின் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம், வாயில் ரசவடை. மணிக்கூண்டு எப்படி இருந்தது என்று கேட்டேன். "அதைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை" என்றாள்.